பழைய டிராக்டர்கள் ஓட வேண்டுமா, நின்றபடி காக்கப்பட வேண்டுமா? அயோவாவில் கண்டதும் சென்னையில் செய்யக்கூடியதும்

செம்பியம்_பணிநிறைவு

நண்பர்களுக்கு வணக்கம். இல்லினாய் மாநிலத்தில் குடியிருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அடுத்த மாநிலமான அயோவாவில் மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் நடக்கும் பழைய கதிரடிப்போர் கூடலைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1950ஆம் ஆண்டு தொடங்கிய விழா அது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமையில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் நாளோடு முடியும்படி ஐந்து நாள் நடக்கிறது. நீராவி இழுவை எஞ்சின்கள், மண்ணெண்ணெயில் ஓடிய டிராக்டர்கள், கிணற்றடியிலும் மாவு அரைக்கும் கொட்டகையிலும் நின்று உழைத்த சிறு எஞ்சின்கள் என நூற்றுக்கணக்கில் அங்கே கூடுகின்றன. எஞ்சின் கோப்புப் பிரிவில், அதாவது பாகங்களைச் சேர்த்து எஞ்சினாகப் பூட்டும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அயோவா இப்படிப்பட்ட விழாவுக்கு ஏற்ற மண். முன்னும் பின்னும் நகரக்கூடிய முதல் பெட்ரோல் டிராக்டரை 1892இல் ஜான் ஃப்ரோலிக் உருவாக்கியது அந்த மாநிலத்தில்தான். அவருடைய முயற்சியிலிருந்து வளர்ந்த வாட்டர்லூ நிறுவனத்தை 1918இல் ஜான் டீர் வாங்கியது. ஆகவே அங்கே வரிசையாக நிற்கும் பச்சை நிற வண்டிகளைப் பார்வையாளர்கள் தங்கள் ஊர்ப் பொருளாகவே பார்க்கிறார்கள். தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்டி வருகிறான் என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது அரங்கில் எழும் கைத்தட்டல் உள்ளத்திலிருந்து வருவது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நின்றது கதிரடிப்புதான். அறுத்துக் கட்டிய கோதுமைக் கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து, இரும்புத் தகட்டால் ஆன பெரிய கதிரடி இயந்திரத்தின் வாயில் இருவர் கவைக்கோலால் எடுத்துப் போடுகிறார்கள். அறுபது எழுபது அடி தள்ளி நீராவி எஞ்சின் நிற்கிறது. அதன் பெரிய சக்கரத்திலிருந்து கதிரடி இயந்திரத்தின் கப்பிக்கு நீண்ட தட்டை பெல்ட் ஒன்று, நடுவில் ஒரு முறுக்கோடு, எட்டு என்ற எண்ணைப் போலக் குறுக்கே ஓடுகிறது. உள்ளே பற்கள் பதித்த உருளை கதிரை உதிர்க்கிறது, சல்லடைகள் தானியத்தைப் பிரிக்கின்றன, காற்றாடி பதரை ஊதுகிறது, குழாய் வழியே வைக்கோல் பாய்ந்து போராகக் குவிகிறது. நம் களத்தில் தாம்பு கட்டி மாடு சுற்றியதும், முறத்தில் அள்ளிக் காற்று வரும் திசை பார்த்துத் தூற்றியதும் ஆகிய அத்தனை வேலையும் ஒரே பெட்டிக்குள் நடப்பதை, ஒவ்வொரு பகுதியாக விரலால் சுட்டிக் காட்டும் அளவுக்குத் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

ஃபெர்குசன் டி.இ.20 வண்டிகளும் சில நின்றன. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்தச் சாம்பல் நிற வண்டியை நான் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். 1953இல் அதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் தம் தொழிலைக் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். அந்த வழியில் வந்த 35ஆம் எண் வண்டிதான், 1960இல் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் நிறுவனம் நிறுவப்பட்ட பின், 1035 என்ற பெயரில் நம் தமிழக வயல்களுக்கு வந்தது. அதன் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினோ, இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவன உரிமத்தின் கீழ் இதே செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் செய்தது. பெரம்பூரில் நாற்பது ஆண்டு குடியிருப்பவர்களிலும் பலருக்கு இந்தத் தொடர்பு தெரியாது.

என் கேள்வி இதுதான். சென்னையில் பழைய கார்களுக்கு அணிவகுப்பு உண்டு, ரயில் எஞ்சின்களுக்கு வில்லிவாக்கம் அருகே அருங்காட்சியகம் உண்டு. டிராக்டருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் ஏற்றத்துக்கும் ஒன்றும் இல்லை. நாம் ஒன்று தொடங்கினால், அது பொருள்களை நிறுத்திவைக்கும் கூடமாக இருக்க வேண்டுமா, மண்ணில் இறக்கி வேலை செய்து காட்டும் விழாவாக இருக்க வேண்டுமா? ஓடாத இயந்திரம் பாதி இயந்திரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மதுராந்தகம்_ஏரிப்பாசனம்

ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய 1035 இன்னும் இருக்கிறது. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்ததும், ஒன்பது கொழு பதித்த ஒன்பது கலப்பை போட்டுப் புழுதி ஓட்டியதும், டிரைலரில் கரும்பு ஏற்றியதும் அந்த ஒரே வண்டிதான். இப்போது புதிய வண்டி வந்துவிட்டதால் அது மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஏரிக்கரை வரை ஓட்டிவிட்டு வருகிறேன்.

ஓட்ட வேண்டும் என்பதே என் கருத்தும். அந்த வண்டியில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கை எப்படிக் கையாள்வது என்பதை அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை, காட்டித்தான் தந்தார். மண் இறுகிய இடத்தில் கலப்பை தானே சற்று மேலெழும்புவதையும், இளகிய இடத்தில் மீண்டும் இறங்குவதையும் இருக்கையில் உட்கார்ந்து உணர்ந்தவனுக்குத்தான் அந்த நெம்புகோலை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று புரியும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வண்டியிடமிருந்து அதை யாரும் கற்க முடியாது.

எழும்பூர்_பேழை

அருங்காட்சியகப் பொருள்களின் பாதுகாப்பில் பணியாற்றுபவள் என்ற முறையில் மாற்றுக் கருத்தைப் பதிய வேண்டியிருக்கிறது. ஓடும் இயந்திரம் தேயும். தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே போனால், முப்பது ஆண்டுக்குப் பின் பெயர்ப்பலகையும் சட்டமும் மட்டுமே பழையவை, மற்றவை எல்லாம் புதியவை என்ற நிலை வரும். பழைய உலோகத்தின் வார்ப்பு முறை, திருகின் புரி அளவு, கையால் தேய்த்த தடம், முதல் பெயின்ட் அடுக்கு ஆகியவை அந்தக் காலத்துத் தொழிற்சாலையைப் பற்றிய சான்றுகள். ஆர்வத்தோடு வண்டியை வாங்குபவர் முதலில் செய்வது மணல் பீய்ச்சிச் சுரண்டிவிட்டுப் பளபளப்பாக வண்ணம் பூசுவதுதான். அந்த ஒரு நாள் வேலையில் அறுபது ஆண்டுச் சான்று போய்விடுகிறது.

அமெரிக்காவின் ஃபார்மால் டிராக்டர்களையே எடுத்துக்கொள்வோம். 1924இல் வந்த அந்த வகை 1936 வரை சாம்பல் நிறத்தில்தான் வெளிவந்தது, அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் சிவப்புக்கு மாறியது. சிவப்பே அதன் அடையாளம் என்று எண்ணிப் பழைய வண்டிகளுக்கும் சிவப்புப் பூசியவர்கள் உண்டு. அடியில் இருந்த சாம்பல் அடுக்கைச் சுரண்டி எறிந்த பிறகு, அது எந்தச் சாம்பல் என்று அந்த வண்டியைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு பொருளில் கைவைக்கும் முன் அதன் நிலையைப் படமெடுத்து, அளந்து, எழுதி வைக்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது என்கிறேன்.

சைதை_வாசகி

இந்த இழைக்குச் சென்னையின் பழைய கதையொன்று தேவை என்று தோன்றுகிறது. சைதாப்பேட்டையில் 1860களில், ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், அரசு மாதிரிப் பண்ணை ஒன்று அமைந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கருவிகளை நம் மண்ணில் சோதித்துப் பார்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கே 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906இல் கோவைக்கு மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக ஆனது. இன்று சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு, மாநிலத்தின் வேளாண் கல்வி இங்கிருந்து புறப்பட்டது என்பதற்கு ஒரு பலகையாவது கண்ணில் படுவதில்லை.

எனவே சென்னையில் இப்படியொரு முயற்சி எதற்கு, தஞ்சாவூரில் அல்லவா நடக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், தயங்காமல் விடை சொல்லலாம். வெளிநாட்டுக் கலப்பையை நம் அரசு முறையாகச் சோதித்த பழைய இடங்களில் ஒன்று இந்த நகரம். டிராக்டரும் அதன் எஞ்சினும் வார்க்கப்பட்டதும் இந்த நகரத்தில்தான்.

புதுப்பேட்டை_பட்டறை

எழும்பூர் அம்மையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் நான் பார்ப்பது வேறு. இங்கே வண்டிகள் தேய்ந்து அழிவதில்லை, எடைக்குப் போய் அழிகின்றன. கிராமத்தில் நின்றுபோன பழைய ஆயில் எஞ்சினைக் காயலாங்கடைக்காரர் கிலோக் கணக்கில் வாங்கி, உள்ளிருக்கும் செம்பையும் பித்தளையையும் தனியே எடுத்துவிட்டு, வார்ப்பிரும்புச் சட்டத்தைச் சம்மட்டியால் உடைக்கிறார். உருக்காலைக்கு அனுப்ப அது சிறு துண்டாக இருக்க வேண்டும். உடைந்தபின் அது இங்கிலாந்தில் செய்த லிஸ்டரா, ரஸ்டனா, ராஜ்கோட்டில் லிஸ்டரைப் பார்த்துச் செய்ததா என்று யாரும் கேட்பதில்லை.

பொதுவாகச் சுற்றாமல் இறுகிப் பிடித்துப்போன எஞ்சின் என்றாலே அதைச் செத்ததாக நினைக்கிறார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருந்தால், இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலோடு கியர் ஆயில் கலந்து அந்தத் துளை வழியே ஊற்றி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, கனத்த சுழல் சக்கரமான ஃப்ளைவீலை அணு அணுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடும். அவசரப்பட்டு பிஸ்டன் தலையில் கட்டை வைத்து அடிப்பவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். ஓட விரும்பும் எஞ்சினை ஓட விடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. கடற்காற்று வீசும் நம் ஊரில் நின்றுகொண்டே இருக்கும் எஞ்சினில், வால்வு திறந்திருக்கும் சிலிண்டரில் முதலில் துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை சூடேறி எண்ணெய் சுற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

பெட்ரோலில் ஓடும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பழைய பொருள்களையும் அரிக்கும். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

கிண்டி_மாணவன்

மூத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செம்பியம் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். எஞ்சினை ஏன் அவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார்கள், பெல்ட்டை ஏன் முறுக்குகிறார்கள்? நீண்ட பெல்ட்டில் இழப்பு கூடும் அல்லவா? அடுத்து, சிறு எஞ்சின்களைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எங்கள் பாடத்தில், எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்றால் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைப்பது என்று மட்டுமே வருகிறது. பழைய எஞ்சின்களில் அது வேறு வகை என்று கேள்விப்பட்டேன்.

செம்பியம்_பணிநிறைவு

தம்பி, நல்ல கேள்விகள். தூரத்துக்கு முதல் காரணம் தீ. எஞ்சினில் விறகோ நிலக்கரியோ எரிகிறது, கதிரடிக்கும் இடத்தில் காய்ந்த வைக்கோலும் பதரும் காற்றில் பறக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போர் எரிந்துவிடும். இரண்டாவது, நீண்ட தட்டை பெல்ட்டின் சொந்த எடையே கப்பியின் மேல் நல்ல பிடிப்பைத் தருகிறது, திடீரென்று சுமை ஏறும்போது அந்த நீளம் அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்கிறது. பெல்ட்டைக் குறுக்கே போட்டால் கப்பி எதிர்த்திசையில் சுற்றும், காற்றில் பெல்ட் படபடப்பதும் குறையும், கப்பியைத் தழுவும் பரப்பும் கூடும். இழப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் எஞ்சினையும் கதிரடி இயந்திரத்தையும் கண்ணாலேயே நேர் பார்த்து நிறுத்தும் ஒரு முதியவரை அங்கே கவனித்தேன். முன்னே பின்னே நகர்த்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பெல்ட் கப்பியின் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்தபின்தான் வேகத்தைக் கூட்டினார். அளவுகோல் எதையும் அவர் எடுக்கவில்லை.

சிறு எஞ்சின்களைப் பற்றி எழுதாமல் விட்டது சரியில்லை, உண்மையில் அந்த வரிசையில்தான் கூட்டம் அதிகம். ஒரே சிலிண்டர், இரு பக்கமும் கனத்த ஃப்ளைவீல், மேலே திறந்த தொட்டியில் கொதிக்கும் தண்ணீர்தான் குளிர்விப்பு. ஃப்ளைவீலோடு சுற்றும் எடைகள், வேகம் கூடியதும் விலகி ஒரு கொக்கியைத் தள்ளுகின்றன. கொக்கி வெளியேற்று வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்கிறது. வால்வு திறந்திருந்தால் சிலிண்டரில் உறிஞ்சல் ஏற்படாது, உறிஞ்சலால் மட்டுமே திறக்கும் உள்வாங்கு வால்வும் மூடியே இருக்கும், எரிபொருள் உள்ளே வராது. ஃப்ளைவீலின் வேகத்தில் எஞ்சின் வெறுமனே சுற்றும். வேகம் குறைந்ததும் கொக்கி விலகி ஒரு முறை வெடிக்கும். சுமை இல்லாதபோது ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பல சுற்றுகள் மூச்சு விடும் ஓசை மட்டும் கேட்கும். மாவரைக்கும் கல்லை மாட்டியதும் வெடிப்புகள் நெருங்கி வரும். எஞ்சின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கவர்னர் என்ற பாடத்தை அந்த ஓசையைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் நடத்தாது என்று நான் நம்புகிறேன். அதை மீண்டும் உங்களுக்குக் கேட்கச் செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன்.

இரண்டு சிலிண்டர் ஜான் டீர் வண்டிகளின் ஓசையும் இப்படித்தான் தனித்துத் தெரியும். வெடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சமமாக இல்லாததால் வரும் ஓசை அது. பக்கத்தில் இருக்கும் ஃப்ளைவீலைக் கையால் சுற்றியே அவற்றை எழுப்பினார்கள். சுற்றும் முன் சிலிண்டரின் சிறு குழாய்களைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள், ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மூடுவார்கள்.

கொதிகலன்_முன்னாள்

நீராவியைப் பற்றிப் பேசும்போது நான் குறுக்கிட்டாக வேண்டும். 2001 ஜூலையில் ஒகையோ மாநிலத்தின் மெடினா கண்காட்சி மைதானத்தில் ஜே.ஐ. கேஸ் என்ற நிறுவனத்தின் பழைய நீராவி இழுவை எஞ்சின் ஒன்று வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். நெருப்பு எரியும் அறையின் மேல்தகடு மெலிந்திருந்தது, அதன்மேல் நிற்க வேண்டிய நீர் குறைந்துபோயிருந்தது. நெருப்புக்கு நேர் மேலே உள்ள அந்தத் தகட்டை நீர்தான் குளிரவைக்கிறது. நீர் இறங்கினால் தகடு சிவந்து வலுவிழந்து உள்வாங்கும், அடுத்த நொடியில் கொதிகலனில் உள்ள நீர் அத்தனையும் ஆவியாகப் பாயும். இதைத் தடுக்கத்தான் அந்தத் தகட்டில் உருகும் உலோகம் நிரப்பிய அடைப்பான் ஒன்றை வைக்கிறார்கள், ஆனால் அதன்மேல் உப்புப் படிந்திருந்தால் அதையும் நம்ப முடியாது. அந்த விபத்துக்குப் பின் ஒகையோ மாநிலம் பழைய கொதிகலன்களுக்கும் அவற்றை இயக்குவோருக்கும் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டக் காலத்திலிருந்தே பதிவும் சான்றிதழும் கட்டாயம். ஆர்வலர்கள் பழைய நெல் அரைவை ஆலைக் கொதிகலனைக் கண்டெடுத்தால், அதற்குள் தண்ணீர் ஊற்றி நெருப்பு மூட்ட யாரும் எண்ண வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து, குளிர்ந்த நீரில் அழுத்தச் சோதனை செய்து, துறையின் ஆய்வாளர் ஒப்பிய பிறகே அடுத்த பேச்சு. மினசோட்டாவின் ராலாக் ஊரில் நீராவி எஞ்சின் ஓட்ட விரும்புவோருக்கு வகுப்பு நடத்திப் பயிற்சி தருகிறார்கள். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் நீராவி எஞ்சின் நின்றபடியே இருக்கட்டும். அழுத்தப்பட்ட காற்றை மிகக் குறைந்த அளவில் செலுத்திப் பிஸ்டனையும் சக்கரத்தையும் அசைத்துக் காட்டலாம். அதற்கும் மேற்பார்வை வேண்டும்.

மதுராந்தகம்_ஏரிப்பாசனம்

கொதிகலன் ஐயா சொன்னது டிராக்டருக்கும் பொருந்தும். பழைய வண்டி என்றால் பாதுகாப்பு ஏற்பாடு குறைவு என்பதை விழாவுக்கு வரும் இளைஞர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். 1917இல் வந்த ஃபோர்ட்சன் வண்டியில், பின்னால் பூட்டிய கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால், பின்சக்கரம் நிற்க, முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுநர்மேல் கவிழ்ந்தது. பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு பூட்டும் முறை, வந்த பிறகு, கலப்பையின் இழுவை மேல் தண்டு வழியே வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும்படி ஆனது. நான் முன்பு சொன்ன, கலப்பை தானே எழும்பி இறங்கும் வேலையும் அதே மேல் தண்டின் சுருள்வில் உணர்ந்து சொல்வதுதான். இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லா டிராக்டரின் பின்னாலும் இருப்பது அந்த அமைப்புத்தான்.

டி.இ.20 வண்டியில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. கியர் தண்டையே ஒரு தனி இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். கியரில் இருக்கும் வண்டி தவறுதலாக ஸ்டார்ட் ஆகிப் பாயாது.

புதுப்பேட்டை_பட்டறை

எஞ்சினைக் கையால் சுற்றி எழுப்ப ஹேண்டில் போடுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல்கள் தானே விடுபடும். வளைத்துப் பிடித்தவரின் மணிக்கட்டு முறியும். மாணவர்களைப் பழைய எஞ்சினிடம் அழைத்து வருபவர்கள் இதைக் காட்டாமல் ஹேண்டிலைக் கையில் கொடுக்கக் கூடாது.

எழும்பூர்_பேழை

இந்த உரையாடல் எனக்கு ஒரு வழியைத் தெளிவாக்கியிருக்கிறது. ஒரு பொருள் எத்தனை எஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1035 ஆயிரக்கணக்கில் இருக்கிறது, உதிரிப் பாகமும் கிடைக்கிறது. அதை ஓட்டுங்கள், உழுங்கள், பிள்ளைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். ராஜ்கோட் ஆயில் எஞ்சினும் அப்படித்தான். ஆனால் தனியொன்றாக எஞ்சிய பொருள், அல்லது தொழிற்சாலையின் முதல் வண்ணமும் முத்திரையும் அப்படியே இருக்கும் பொருள் கையில் வந்தால், அதை ஓட விடாமல் வைத்து, அதன் அளவுகளைக் கொண்டு வேறொன்றை ஓட்டிக் காட்டுவோம். 1974இல் வந்த ஸ்வராஜ் 724, துர்காபூரில் நம் பொறியாளர்களே வடிவமைத்த வண்டி. அதன் தொடக்கக்கால வண்டி எதுவும் கிடைத்தால் நான் அதன் திருகில் கைவைக்க ஒருவரையும் விட மாட்டேன்.

ஆனால் செம்பியம் ஐயாவின் கருத்தில் ஒன்றை நான் முழுதாக ஏற்கிறேன். இயக்கும் அறிவும் ஒரு அரும்பொருள். அதற்கு நாம் இதுவரை எந்தப் பேழையும் செய்யவில்லை. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையை ஓட்டியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு எண்பதுக்கு மேல் வயது இருக்கும். மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்காரும் நேரம், சால் என்ற நீர்ப்பாத்திரம் மேலே வந்ததும் அதன் தோல் குழாயான தும்பியின் வால்கயிற்றைத் தளர்த்தும் நேரம், மாட்டைப் பின்னடக்கும் குரல் ஆகியவற்றை அவர்கள் வாயால் சொல்லிக் கையால் செய்து காட்டும்படி பதிவு செய்ய வேண்டும். இரும்பை அடுத்த ஆண்டும் காக்கலாம். இவர்களின் அறிவை இந்த ஆண்டே எழுதி வைத்தாக வேண்டும்.

சைதை_வாசகி

இடம் குறித்து என் கருத்து. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற மூடிய கூடம் இதற்குப் பொருந்தாது. கான்கிரீட் தரையில் கலப்பை எதைக் கீறும்? தை மாதச் சம்பா அறுவடைக்குப் பின், செங்கல்பட்டு அல்லது திருவள்ளூர் மாவட்டத்தில் அறுத்த வயல் ஒன்றில் ஒரே ஒரு நாள் நடத்தலாம். திருவள்ளூர் மாவட்டத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. முறைப்படி எழுதிக் கேட்டால் வழிகாட்டுதலாவது கிடைக்கும் என்று நம்புகிறேன். தீயணைப்புத் துறைக்கும் ஊராட்சிக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பொருள்களின் தேர்வில் டிராக்டரோடு நிற்க வேண்டாம். மரக்கலப்பை, இரும்புக் கலப்பை, ஏற்றம், கவலை, ஆயில் எஞ்சின், கையால் சுற்றும் தூற்றும் இயந்திரம், பிறகு டிராக்டர் என்ற வரிசையில் ஒரே வயலில் ஒவ்வொன்றும் ஒரு சால் உழுதோ ஒரு பாத்தி நீர் பாய்ச்சியோ காட்டினால், நூற்றாண்டுக் கால மாற்றத்தைப் பார்ப்பவர் தம் கண்ணாலேயே அளந்துகொள்வார்.

செம்பியம்_பணிநிறைவு

எழும்பூர் அம்மையார் வகுத்த வழியை நான் ஏற்கிறேன். பெருகிக் கிடப்பதை ஓட்டுவோம், அரிதானதை நிறுத்திக் காப்போம். ஓட்டுகிறவர்களின் சொல்லையும் கையசைவையும் இரண்டுக்கும் முன்பாகப் பதிவு செய்வோம். அயோவாவில் நான் கண்ட முதியவர் பெல்ட்டை நேர் பார்த்து நிறுத்தியபோது, பக்கத்தில் அவருடைய பேத்தி வயதுப் பெண் ஒருத்தி நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறை எஞ்சினை அவள்தான் நகர்த்தினாள். அங்கே எழுபது ஆண்டுக்கு மேலாக விழா நடந்துவருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் கூட வேலை பார்த்தவர்களில் எஞ்சின் கோப்பு, ஹைட்ராலிக் சோதனை, வார்ப்படம் ஆகிய பிரிவுகளில் இருந்த சிலர் பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பகுதிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசத் தொடங்கிவிட்டேன். கிண்டி மாணவர் தம்பி விருப்பப்பட்டால் கேள்விகளை அவர் தயார் செய்யட்டும், ஒலிப்பதிவுக்கு நான் அழைத்துச் செல்கிறேன்.

கிண்டி_மாணவன்

விருப்பம் உண்டு ஐயா. வகுப்பில் இன்னும் நான்கு பேர் வருவதாகச் சொல்கிறார்கள். மதுராந்தகம் ஐயா அனுமதித்தால், முதல் பதிவை அவருடைய 1035 வண்டியிலேயே தொடங்கலாமா? ஹைட்ராலிக் நெம்புகோலின் இயக்கத்தைக் கலப்பையின் ஆழத்தோடு அளந்து வரைபடமாக்க எண்ணுகிறேன்.

மதுராந்தகம்_ஏரிப்பாசனம்

தாராளமாக வாருங்கள் தம்பி. சேற்றில் அளப்பது கடினம், அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு ஒன்பது கலப்பையை மாட்டி அளக்கலாம். மேட்டு நிலத்தில் ஒரு பக்கம் களிமண், ஒரு பக்கம் செம்மண் இருக்கிறது. இரண்டின் எல்லையைக் கடக்கும்படி ஓட்டினால் நெம்புகோலின் வேலை நன்றாகத் தெரியும். வண்டியின் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, பில்டரையும் மாற்ற வேண்டும். புதுப்பேட்டை அண்ணன் ஒரு நாள் வந்து காற்றெடுக்கும் முறையை இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காட்டினால், முதல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம். அப்பாவும் அன்று வீட்டில் இருப்பார்.

புதுப்பேட்டை_பட்டறை

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை, காலையிலேயே புறப்பட்டு வருகிறேன். பில்டரையும் வாஷர்களையும் நானே வாங்கி வருகிறேன். வண்டியின் வரிசை எண் பொறித்த தகட்டைப் படமெடுத்து இங்கே பதியுங்கள், எந்த ஆண்டு வண்டி என்று பார்த்து அதற்குரியதை எடுத்துவர வேண்டும்.